ரைபிள் போல்ட் ஏன் இறுகுகிறது?

(தேசிய மாணவர் படை மாணவர் ஒருவர், இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

மைதானத்தில் காக்கி உடையில் வெயிலில் நின்று, ‘தாஹினே முட்’, ‘பாயேன் முட்’ என்ற குரலுக்கு இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருக்கும் எங்களைப் பார்த்துத் தமிழ்த்துறை நண்பர் ஒருவர் கேட்டார்: “நீங்கள் அந்தத் துப்பாக்கியை என்றைக்காவது சுடுவது உண்டா, இல்லை தோளில் சுமப்பதோடு சரியா?” சுடுவது உண்டு. ஆனால் சுடுவதைவிட அதைத் துடைப்பதில்தான் எங்கள் பொழுது அதிகம் கழிகிறது. இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டார். அந்தத் துடைப்பில் என்ன இருக்கிறது, அதைச் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவருக்குச் சொல்லத் தொடங்கியதன் விரிவே இக்கட்டுரை. (எங்கள் கட்டளைகள் இந்தியில் இருப்பதைப் பற்றி அவர் தனியே ஒரு கேள்வி எழுப்பினார். அது 1968 சனவரியில் நம் சட்டமன்றத் தீர்மானத்திலேயே இடம்பெற்ற பழைய வழக்கு. இங்கே அதை எடுக்கவில்லை.)

முதலில் போல்ட் என்றால் என்ன என்று பார்ப்போம். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை எண்ணிக்கொள்ளுங்கள். கைப்பிடியைப் பிடித்து முன்னே தள்ளி, கீழே திருப்பி விடுகிறோம். அதன்பின் எவ்வளவு தள்ளினாலும் தாழ்ப்பாள் பின்னால் வராது. ரைபிளின் போல்ட்டும் அதுவேதான். முன்னே தள்ளும்போது அது மேகசினிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலின் பின்பக்கம் உள்ள தோட்டா அறைக்குள் செலுத்துகிறது. கைப்பிடியைக் கீழே திருப்பியதும் போல்ட்டில் உள்ள புடைப்புகள் ரைபிளின் உடலில் உள்ள பள்ளங்களில் போய் அமர்ந்து பூட்டிக்கொள்கின்றன. சுட்ட பிறகு கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், போல்ட்டின் தலையில் உள்ள கொக்கி வெறுங்கூட்டைக் கவ்வி வெளியே எறிகிறது.

வீட்டுத் தாழ்ப்பாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அது தாங்கும் சுமையில் இருக்கிறது. .303 ரைபிளில் தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 18.5 டன். அந்த அழுத்தத்துக்கும் சுடுபவனுடைய வலக்கண்ணுக்கும் நடுவில் நிற்பது இந்த ஒரு போல்ட்தான். ஆகவே போல்ட் இறுகுகிறது என்றால் அதைக் கை வலியோடு முடிந்த காரியமாக எண்ண முடியாது.

நான் கற்ற விதம்

இதை நான் நூலில் படித்துக் கற்கவில்லை. செய்த தவற்றில் கற்றேன். முதலாண்டில் எனக்கு ஆண்டு முகாம் மார்கழியில் வந்தது. நாங்கள் சுடப் பழகுவது .22 ரைபிளில், 25 கெஜத் தொலைவில் இலக்கு. மறுநாள் சுடும் முறை என்றதும் எனக்குக் கொடுக்கப்பட்ட ரைபிளைப் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்று ஆசை. கொடுத்த துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துபோயிற்று. பெட்டியில் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் இருந்தது. அதை எடுத்துப் போல்ட் முழுவதும் தாராளமாகத் தடவினேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது.

மறுநாள் விடியலில் சுடுதளம் சென்றோம். நகருக்கு வெளியே ஒரு குன்றின் அடிவாரம். சுற்றிலும் அறுவடை முடிந்த வயலும் செம்மண் புழுதியும். மதுரையில் குளிர் ஏது என்பீர்கள். மார்கழி, தை விடியலில் இருபது பாகை செல்சியசை ஒட்டி இறங்கத்தான் செய்கிறது. தேங்காயெண்ணெய் உறையும் வெப்பநிலை சுமார் 24 பாகை. அம்மா புட்டியை அடுப்பருகே வைத்து இளக்குவதை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆயினும் அதே எண்ணெய் ரைபிளுக்குள்ளும் உறையும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

போல்ட் மெழுகில் தள்ளுவதுபோல் நகர்ந்தது. கைப்பிடி கடைசிப் பகுதியில் கீழே இறங்க மறுத்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், இறங்கிவிட்டது. குறி பார்த்து விசையை அழுத்தினேன். ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்டது; குண்டு போகவில்லை. அடுத்து நான் செய்ததுதான் பெருந்தவறு. படுத்த நிலையிலேயே உடம்பைத் திருப்பி, ரைபிளையும் கூடவே திருப்பி, “சார், இது வேலை செய்யலை” என்றேன்.

எனக்கு இடப்பக்கம் நான்கு பேர் படுத்திருந்தார்கள். பயிற்சி ஹவில்தார் ஒரே பாய்ச்சலில் வந்து குழலைப் பிடித்து இலக்கு மேட்டின் பக்கம் தள்ளித் தரையோடு அழுத்திக்கொண்டார். எதுவும் பேசவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடத்துக்கு மேலாக அப்படியே இருந்தார். பிறகு தாமே போல்ட்டைத் திறந்தார். முழுத் தோட்டா ஒன்று வெளியே விழுந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பில் ஊசி பட்ட தழும்பு இருந்தது. ஆனால் மிக மேலோட்டமான தழும்பு.

“தம்பி, இது செத்த தோட்டா இல்லே. தூங்கிக்கிட்டிருந்த தோட்டா. நீ அதைத் தூக்கிக்கிட்டு இந்த நாலு பிள்ளைகள் பக்கம் திரும்பினே” என்றார். இராமநாதபுரம் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாமலே பேசுவார். அன்று அவர் உயர்த்தியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாகவே இருந்திருக்கும்.

நடந்ததை இயற்பியல் மாணவனாகப் பின்னர் எண்ணிப் பார்த்தேன். உறைந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து போல்ட்டின் வெளிப்புறத்தை இறுக்கின. அதே எண்ணெய் போல்ட்டின் உள்ளே சுருள்வில்லையும் ஊசியையும் சுற்றி உறைந்திருந்தது. வில் விடுபட்டபோது அதன் ஆற்றலில் ஒரு பகுதி அந்த மெழுகைக் கிழிப்பதிலேயே செலவாயிற்று. ஊசி மெதுவாகப் போய் மெதுவாகவே தட்டியது. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. அந்த மடிப்பு நன்றாக நசுங்கினால்தான் பற்றும். அரைகுறையாக நசுங்கினால் பற்றாமல் போகலாம். சில வேளை காலம் தாழ்த்திப் பற்றவும் செய்யலாம். அந்த ஐயத்துக்காகத்தான் அரை நிமிடக் காத்திருப்பு.

ஆக, சுடுதளத்தில் போல்ட் இறுகினாலோ விசை வெறுமனே ‘டிக்’ என்றாலோ செய்யவேண்டியது இது: குழல் இலக்கை நோக்கியபடியே இருக்க, விரலை விசையிலிருந்து எடுத்து, அசையாமல் படுத்திருந்து, ஒரு கையை மட்டும் தூக்க வேண்டும். கழுத்தைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை, வருகிறவர் வருவார். போல்ட்டைக் கல்லால் தட்டுவதும், செருப்புக் காலால் உதைப்பதும், குழலுக்கு மேல் குனிந்து பார்ப்பதும் கூடவே கூடாது.

எந்த இடத்தில் இறுகுகிறது?

மருத்துவர் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்பதுபோல, போல்ட்டைப் பற்றியும் முதற் கேள்வி எந்த இடத்தில் இறுகுகிறது என்பதே. போல்ட்டின் இயக்கத்தில் நான்கு கட்டங்கள் உண்டு: கைப்பிடியைத் தூக்குதல், பின்னால் இழுத்தல், முன்னே தள்ளுதல், கீழே திருப்புதல். ஒவ்வொன்றிலும் தோன்றும் இறுக்கத்துக்குக் காரணம் வேறு. எல்லாவற்றுக்கும் எண்ணெய் ஊற்றுவது, எந்த நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுப்பதைப் போன்றது.

அதற்கும் முன்னால் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். காப்பு விசை போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். .303 லீ-என்ஃபீல்டு ரைபிளில் காப்பைப் போட்டால் அது போல்ட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். ஊசியின் வால் பாதி இழுபட்ட நிலையில் நின்றுபோனாலும் போல்ட் திறக்காது. புதிய மாணவர்கள் ‘ரிப்பேர்’ என்று கொண்டுவரும் ரைபிள்களில் சில, காப்பு போட்ட நல்ல ரைபிள்களே.

இன்னொரு மயக்கமும் உண்டு. லீ-என்ஃபீல்டில் போல்ட்டை முன்னே தள்ளும்போது கடைசி ஓர் அங்குல அளவில் கை கனக்கும். அது நோயன்று. அந்த இடத்தில்தான் ஊசியின் சுருள்வில் அமுங்குகிறது; மூடும்போது வில் ஏறும் அமைப்பு அது. 1898ஆம் ஆண்டு ஜெர்மானிய மௌசரில் இது நேர்மாறு: கைப்பிடியைத் தூக்கும்போதே வில் ஏறிவிடுவதால் தூக்குதல் கனக்கும், மூடுதல் இலேசாக இருக்கும். மேலும் மௌசரின் கைப்பிடி 90 பாகை திரும்ப வேண்டும். லீ-என்ஃபீல்டுக்கு 60 பாகை போதும். இந்த இலகுவினால்தான் 1914இல் பிரிட்டிஷ் காலாட்படை வீரர் ஒரு நிமிடத்தில் 15 குறிபார்த்த குண்டுகளைச் சுடப் பழகியிருந்தனர்.

இனி நோய்களுக்கு வருவோம்.

முன்னே தள்ளும்போது பாதியில் முட்டி நின்றால், பெரும்பாலும் குற்றம் மேகசினில் இருக்கும். .303 தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு உண்டு. மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் சிக்கினால் மேல்தோட்டா நகரும்போது கீழ்த்தோட்டாவையும் இழுத்துக்கொண்டு வரும். அதைப் பலங்கொண்டு தள்ளினால் இரண்டும் சேர்ந்து நெருக்கிக்கொள்ளும். மேகசினைக் கழற்றித் தோட்டாக்களை மீண்டும் ஒழுங்காக அடுக்குவதே வழி.

முன்னும் பின்னும் எங்கும் ஒரே சீராகக் கனத்தால் அது அழுக்கு, உறைந்த எண்ணெய், துரு ஆகிய மூன்றில் ஒன்று. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவ்வினால் அது உலோகத்தில் உள்ள பிசிறோ வளைவோ ஆகும். இதைக் கண்டுபிடிக்க எங்கள் ஹவில்தார் காட்டிய வழி அழகானது. ரைபிள் காலி என்பதை இருவர் பார்த்து உறுதிசெய்த பின், போல்ட்டைக் கழற்றி எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, சிமினி விளக்கின் கரியை அதன்மீது மெல்லியதாகப் பிடித்தார். பிறகு மாட்டி நான்கைந்து முறை நகர்த்திக் கழற்றினார். எங்கே கரி தேய்ந்து இரும்பு மின்னுகிறதோ அங்கே உரசுகிறது. இன்று கரிக்குப் பதில் மார்க்கர் பேனா போதும். உரசும் இடத்தைக் கண்டபின் அதை அராவுவது நம் வேலையன்று. ஆயுதப் பணியாளரான ஆர்மரரின் வேலை. காரணம், போல்ட்டின் பூட்டுப் புடைப்புகள் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டவை. பலாப்பழத்தின் தோலைப்போல் வெளியே கடினம், உள்ளே மென்மை. உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுத்தால் அந்தத் தோல் போய்விடும். பிறகு சுடச்சுட உள்ளிரும்பு நசுங்கிக்கொண்டே வரும்.

சில .22 ரைபிள்களில் குற்றம் போல்ட்டிலேயே இராது. உடலை மரத்தோடு பிணைக்கும் திருகாணியை யாரேனும் உற்சாகத்தோடு அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். உடல் சற்றே வளைந்து போல்ட்டைக் கவ்வும். அந்தத் திருகாணியைச் சிறிது தளர்த்தினால் நோய் உடனே தீர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சுட்ட பிறகு கைப்பிடியைத் தூக்க முடியாமற் போவது தனி வகை, இதுதான் கவனத்துக்குரியது. வெடிக்கும்போது பித்தளைக் கூடு வீங்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. புகை பின்னால் கசியாமல் இருப்பதே இந்த ஒட்டுதலால்தான். அழுத்தம் நீங்கியதும் பித்தளை தன் மீள்தன்மையால் மயிரிழையளவு சுருங்கி, சுவரை விட்டு விலகுகிறது. அறையில் துருவோ பழைய அழுக்கோ இருந்தால் கூடு அதில் கடித்துக்கொண்டு விலகாது. தோட்டா வெயிலில் காய்ந்திருந்தால் மருந்து இயல்பைவிட வேகமாக எரிந்து அழுத்தம் கூடும். அப்போதும் கூடு இறுகும். சித்திரை வெயிலில் தோட்டாப் பெட்டியைத் திறந்தவெளியில் வைத்துவிட்டு நாம் மட்டும் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

இந்த ஒட்டுதலை உடைக்கப் போல்ட்டிலேயே ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பூட்டும் பரப்புகள் நேராக இல்லாமல் திருகின் மரையைப்போல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கின்றன. கைப்பிடியைத் தூக்கும்போது போல்ட் சுழல்வதோடு சிறிதளவு பின்னாலும் நகர்கிறது. லாரிக்கு அடியில் வைக்கும் ஜாக்கி, ஒருவன் கைவலுவில் லாரியையே தூக்குவது சாய்தளத் தத்துவத்தால் அல்லவா? அதே தத்துவம்தான். ஆகவே கைப்பிடியை முழுவதும் மேலே தூக்கி முடித்த பிறகே பின்னால் இழுக்க வேண்டும். அவசரத்தில் பாதி தூக்கியபடியே இழுப்பவர், தமக்கு உதவக் காத்திருக்கும் ஜாக்கியை உதறிவிட்டு வெறுங்கையால் லாரியை இழுக்கிறார்.

இந்தக் கூடு ஒட்டும் நோய் ஒரு படையையே ஆட்டிவைத்த வரலாறு உண்டு. முதல் உலகப்போரில் கனடா நாட்டுப் படை, சர் சார்லஸ் ராஸ் என்பவர் வடிவமைத்த ரைபிளோடு களம் புகுந்தது. கைப்பிடியைத் திருப்ப வேண்டாம். நேராக இழுத்தாலே போதும் என்பது அதன் பெருமை. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் அது பரிசுகளை அள்ளியது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில், சேற்றிலும் நச்சுப்புகையிலும், அடுத்தடுத்துச் சுட்டுச் சூடேறிய நிலையில், அந்தப் போல்ட்டுகள் இறுகின. அறை குறுகலாக வெட்டப்பட்டிருந்தது; பிரிட்டனில் செய்த தோட்டாக்களின் அளவோ சற்றுப் பருமன். வீரர்கள் பூட்ஸ் காலால் போல்ட்டை உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. மாண்டுபோன பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டு தம் ரைபிளை எறிந்தவர்கள் பலர். அறையைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்; நம்பிக்கை திரும்பவில்லை. 1916இல் கனடியப் படைக்கு லீ-என்ஃபீல்டே கொடுக்கப்பட்டது. ராஸ் ரைபிளை விடாப்பிடியாக ஆதரித்த அமைச்சர் சாம் ஹியூஸ் அதே ஆண்டு பதவி இழந்தார். பரிசுக்கோப்பை வாங்கிய கருவி சேற்றில் தோற்றது. நெகிழ்வாகப் பொருத்தப்பட்ட லீ-என்ஃபீல்டு சேற்றையும் பொறுத்துக்கொண்டது. அந்த ரைபிளைத்தான் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை நம் நாட்டில் பல்லாண்டுகள் செய்தது. 1960களில் அதே வடிவத்தை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியும் செய்தார்கள். உத்தரப் பிரதேசக் காவல்துறை .303க்கு விடைகொடுத்ததே 2020இல்தான் என்றால் அதன் ஆயுளை எண்ணிப் பாருங்கள்.

எண்ணைப் பார்க்காமல் மாட்டாதீர்

முகாமில் மாலை நேரத் துடைப்பு ஒரு திருவிழா. ஜமக்காளத்தை விரித்து, பன்னிரண்டு ரைபிள்களின் போல்ட்டுகளையும் கழற்றி வரிசையாக வைத்து, கதை பேசிக்கொண்டே துடைப்போம். ஒருநாள் யாரோ காலால் இடறி வரிசை கலைந்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரிதானே என்று கைக்குக் கிடைத்ததை மாட்டத் தொடங்கினோம். ஒன்று இறுக்கமாக மூடியது. மற்றொன்று வெண்ணெய்போல் மூடியது. வெண்ணெய்போல் மூடியதை வைத்திருந்தவன் மகிழ்ந்தான். ஹவில்தார் அவனிடம்தான் முதலில் போனார்.

லீ-என்ஃபீல்டின் கைப்பிடியின் பின்பக்கத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ரைபிளின் உடலிலும் அதே எண் இருக்கும். அந்தப் போல்ட் அந்த ரைபிளுக்கென்றே பொருத்திப் பார்த்து அமைக்கப்பட்டது. மூடிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவின் விளிம்பு முன்பக்கம் உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி .303இல் 0.064 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 0.074 அங்குலத்தை மிஞ்சவும் கூடாது. அனுமதிக்கப்பட்ட வேறுபாடு அங்குலத்தில் நூறில் ஒரு பங்குதான். இதைச் சரிசெய்வதற்கென்றே நான்காம் எண் ரைபிளில் போல்ட்டின் தலையைத் தனியே திருகிக் கழற்றும்படி வைத்து, 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அளவுகளில் தலைகள் செய்தார்கள். ஒன்றுக்கொன்று வேறுபாடு ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே.

இடைவெளி குறைந்தால் போல்ட் மூட மறுக்கும். நாம் உடனே தெரிந்துகொள்வோம். இடைவெளி கூடினால் போல்ட் இனிமையாக மூடும், யாருக்கும் தெரியாது. ஆனால் வெடிக்கும்போது கூட்டின் முன்பகுதி சுவரைப் பற்றிக்கொள்ள, பின்பகுதி போல்ட்டின் முகத்தைத் தேடிப் பின்னால் ஓடும். விளிம்புக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும்; மிஞ்சினால் இரண்டாகக் கிழியும். பின்துண்டு மட்டும் வெளியே வந்து, முன்துண்டு அறையிலேயே தங்கிவிட்டால், அடுத்த தோட்டா அதற்குள் போய்ச் செருகிக்கொள்ளும். அப்போது வரும் இறுக்கம் எண்ணெயால் தீராது. ஆகவே என் கருத்தில், இறுகுகிற போல்ட்டைவிட, எண் மாறி இலகுவாக மூடுகிற போல்ட்டுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். அன்று இரவு பன்னிரண்டு எண்களையும் டார்ச் வெளிச்சத்தில் படித்து, உரியதை உரியதில் மாட்டிய பிறகே எங்களுக்குச் சாப்பாடு கிடைத்தது.

போல்ட் வெளியே இருக்கும்போது இன்னொரு குறும்பும் செய்யும். அதன் வால்பகுதியை விளையாட்டாகத் திருப்பினால் அது இடம் வழுவி, ஊசி ‘சடக்’கென்று முன்னால் பாய்ந்து நின்றுவிடும். அப்படியே கொண்டுபோய் மாட்டினால் ரைபிளுக்குள் நுழையாது. பலர் இதைத்தான் ‘போல்ட் வீங்கிவிட்டது’ என்பார்கள். வாலைப் பழைய இடத்துக்குத் திருப்பினால் வீக்கம் வடிந்துவிடும்.

எண்ணெயும் புழுதியும்

இனித் தடுப்புக்கு வருகிறேன். நம் வட்டாரத்தில் ரைபிளுக்கு இரண்டு பருவங்களில் இரண்டு வேறு பகைகள். ஆடிக்காற்று அடிக்கும்போது புழுதி. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். புழுதியில் பெரும்பகுதி குவார்ட்ஸ் துகள். அது இரும்பையே கீறும் கடினம் உடையது. எண்ணெயில் அது சேர்ந்தால் சாணைபிடிக்கும் களிம்பாகிவிடும். ஆகவே காற்றுக் காலத்தில் எண்ணெய் மிகக் குறைவாக இருக்க வேண்டும். துணியில் தொட்டு இழுத்து, மறுபடி வெறுந்துணியால் துடைத்தபின் எஞ்சும் படலமே போதும். மழைக்காலத்தில் அந்தப் படலம் சற்றுத் தாராளமாக இருக்கலாம். இரண்டு காலத்துக்கும் ஒரே அளவு எண்ணெய் என்று பட்டியல் போடுபவர் மதுரையில் ஓராண்டு வாழ்ந்திராதவர்.

எந்த எண்ணெய்? கனிம எண்ணெய் மட்டுமே. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் இயந்திர எண்ணெய் ஒரு மாற்று. தேங்காயெண்ணெயின் கதையைச் சொல்லிவிட்டேன். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் அதைவிட மோசம். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் பிசினாகிவிடும். வாணலியின் வெளிப்புறத்தில் கெட்டிப்பட்டுப் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, அதேதான் போல்ட்டிலும் உண்டாகும். அப்படிப் பிசின் பிடித்த போல்ட்டுக்கு மருந்து மண்ணெண்ணெய். அதில் நனைத்த துணியால் துடைத்துக் கரைத்து, முற்றும் உலர்த்தி, பிறகு கனிம எண்ணெய் தொட வேண்டும். மண்ணெண்ணெயோடு விட்டுவிட்டால் அது ஆவியாகிப் போய் இரும்பு காப்பின்றி நிற்கும், துருப்பிடிக்கும். புளி, செங்கற்பொடி ஆகிய வீட்டு வைத்தியங்கள் பித்தளைக் குத்துவிளக்கோடு நிற்கட்டும்.

தோட்டா அறையிலும் போல்ட்டின் முகத்திலும் சுடுவதற்கு முன் எண்ணெய் இருக்கவே கூடாது. கூடு சுவரைப் பற்ற வேண்டும் என்றேன் அல்லவா? சுவரில் எண்ணெய் இருந்தால் பற்றாமல் வழுக்கி, முழு உதையும் போல்ட்டின்மேல் விழும். ‘எண்ணெய் போட்டால் எல்லாம் நல்லது’ என்ற நம்பிக்கை இந்த இடத்தில் கெடுதலாகவே முடியும்.

துடைக்கும் துணிக்கும் ஒரு வார்த்தை. படையில் இதை ‘சிந்தி’ என்பார்கள். நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் வெட்டிய பிளானல் துண்டு. அது தீர்ந்துபோனால், முன்பு புதுமண்டபத்தில் இருந்து இப்போது இடம் மாறிவிட்ட தையற்காரர்களிடம் வெட்டுத்துணி கேட்கலாம். ஆனால் புதுத்துணியில் கஞ்சி இருக்கும். பலமுறை துவைத்த பழைய வேட்டியே சிறந்தது. .303இன் மரக்கட்டைப் பின்புறத்தில் ஒரு சிறு மூடி உண்டு. அதற்குள் எண்ணெய்க் குப்பியும், குழலை இழுத்துத் துடைக்கும் ‘புல்த்ரூ’ கயிறும் இருக்கும். அந்த மூடியைத் திறந்து காட்டும்போது புதிய மாணவர்கள் எல்லோரும் குழந்தைகளாகிவிடுவார்கள்.

பழைய .303 தோட்டாக்களைச் சுட்டிருந்தால் எண்ணெய்க்கு முன்னால் வெந்நீர். இதை வேதியியல் நண்பர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். அந்தத் தோட்டாக்களின் தீமூட்டும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலிலும் போல்ட்டின் முகத்திலும் படிகிறது. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். எண்ணெய் மட்டும் தடவினால் உப்பை உள்ளே வைத்துப் பூசி மெழுகியதாகும். ஈரக்காற்றில் ஓரிரு நாளில் துரு தலைகாட்டும். கொதிநீரை ஊற்றினால் உப்பு கரைவதோடு, குழல் சூடேறித் தானே உலர்ந்தும்விடும். அதன் பிறகே எண்ணெய். இக்கால .22 தோட்டாக்களில் பொதுவாக இந்த உப்புத் தொல்லை இல்லை. ஆனால் நம் கையிலேயே உப்பு இருக்கிறது. வியர்த்த விரல் பட்ட இடத்தில் மறுவாரம் விரல்ரேகையே துருவாகப் பதிந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். கோத் எனப்படும் ஆயுத அறையில் ஒப்படைக்குமுன் கடைசியாகத் துடைப்பது ஆகையால்தான். துடைத்தபின் கைப்பிடியை வெறுங்கையால் தொடாமல் துணியோடு பிடித்துக் கொடுப்பது வழக்கம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன துடைப்பும் சோதனையும் எல்லாம் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறைக்குள் கண்ணால் பார்த்து, இருட்டாயிருந்தால் விரலால் தடவிப் பார்த்த பிறகே தொடங்கும். ‘காலி கர்’ என்ற கட்டளை காதில் விழுந்ததாலேயே ரைபிள் காலியாகிவிடாது. பிசிறு, விரிசல், தேய்ந்த கொக்கி ஆகியவற்றைக் கண்டால் சீட்டு எழுதிக் கட்டி ஆர்மரரிடம் அனுப்புவதோடு நம் கடமை முடிகிறது.

முகாமின் கடைசி நாளில் அதே .22 ரைபிளை ஹவில்தார் என் கையில் கொடுத்தார். முந்தின மாலை மண்ணெண்ணெயில் போல்ட்டைக் கழுவி, உலர்த்தி, ஒரே ஒரு துளி எண்ணெய் தொட்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி இரண்டு விரலுக்கு இசைந்து திறந்தது, மூடியது. ஐந்து குண்டுகளும் தடையின்றிப் போயின. ஐந்தும் இலக்கின் இடப்பக்க ஓரத்திலேயே ஒதுங்கி விழுந்தன. அதற்குப் போல்ட்டைக் குறைசொல்ல முடியாது என்று ஹவில்தார் சொல்லிவிட்டார்.